கழுகின் மார்பில் இருப்பது சிறிய கேடயமா, பெரிய கேடயமா?

ஜெர்மன் பேரரசின் முதல் அஞ்சல் தலைகளில் நடுவே ஒரு கழுகு இருக்கும். நிறமே இல்லாமல், தாளிலிருந்து புடைத்து நிற்கும் கழுகு. அதன் மார்பில் கேடயம் சிறியதாக இருந்தால் 1872 ஜனவரி 1 அன்று வந்த முதல் வரிசை. பெரியதாக இருந்தால் அதே ஆண்டில் பின்னர் வந்த வரிசை. அச்சிட்ட மதிப்பும் நிறமும் ஒன்றாகவே இருந்தாலும் விலை பல மடங்கு வேறுபடலாம்.

முதலில் நாணயத்தின் பெயரைப் படியுங்கள். வடக்கில் குரோஷன், தெற்கில் கிரோய்சர். நிறத்தை நம்ப வேண்டாம்: 1 குரோஷனும் 3 கிரோய்சரும் இளஞ்சிவப்பு, 2 குரோஷனும் 7 கிரோய்சரும் நீலம். பேரரசுக்குள் தெற்கில் இருந்த பவேரியாவும் வுர்ட்டம்பெர்க்கும் அப்போது சொந்தத் தலைகளையே வெளியிட்டன.

அடுத்தது கேடயம். நான் பல இரவுகள் திணறியது இங்கேதான். கையில் ஒரே ஒரு தலை இருக்கும்போது 'சிறியது' என்று எதை வைத்துச் சொல்வது? மேலிருந்து விளக்கடித்தால் புடைப்பே தெரியாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, தலையைக் கறுப்பு அட்டையில் வைத்து, சிறிய டார்ச்சைப் பக்கவாட்டில், ஏறக்குறைய மேசையோடு படுக்கவைத்து அடியுங்கள். நிழல் விழுந்ததும் இறகுகள்கூடத் தனித்தனியாக எழும். ஒப்பிட ஒரு மாதிரியும் தேவை. 2½ குரோஷன் பழுப்புத் தலை பெரிய கேடயத்தில் மட்டுமே வந்தது. மூலை கிழிந்ததாக இருந்தாலும் ஒன்றை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அட்டவணைப் படத்தையும்விட அது மேல். உருப்பெருக்கி பத்து மடங்கு போதும். இடுக்கியின் நுனி தட்டையாக இருக்கட்டும், கூர்நுனி தாளைக் குத்திவிடும்.

உறைத்தாளில் ஒட்டியிருப்பதைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம். ஆனால் ஈரத்தோடு புத்தகத்துக்குள் வைத்து அழுத்தவே கூடாது. நான் அப்படி வைத்த ஒரு நீலத் தலையில் மறுநாள் காலை கழுகு தட்டையாகிக் கிடந்தது. போன புடைப்பு திரும்பி வராது. எனக்கு இன்னும் அந்த வருத்தம் உண்டு. மையொற்றும் தாளின்மேல், எடை எதுவும் வைக்காமல், தானாக உலர விடுங்கள்.

18 கிரோய்சரில் மட்டும் அவசரம் வேண்டாம். பெரிய கேடய வரிசையில், பயன்படுத்தாததைவிட அஞ்சல் முத்திரை விழுந்ததற்கே விலை மிக அதிகம். ஆகவே போலி முத்திரை குத்தியவை ஏராளம். நிபுணர் சான்று இல்லாமல் நான் வாங்க மாட்டேன்.

பின்சேர்க்கை: "என் தலையில் பிஃபெனிக் என்றுதான் இருக்கிறது, எந்த வரிசை?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். பிஃபெனிக் என்பது மார்க்கில் நூறில் ஒரு பங்கு; அது 1875இல் அஞ்சல் தலைகளில் மார்க் நாணயம் வந்த பிறகு வெளியானது. சொல்லின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: 'பிஃபெனிகே' (PFENNIGE) என்று முடிந்தால் 1875 வரிசை, அந்தக் கடைசி உயிரெழுத்து இல்லையென்றால் 1880 முதல் வந்தது.