பவர் பிஐ கோப்பை யாருக்கு, எந்த வடிவில் கொடுக்கலாம்? தொடக்கநிலைச் செய்முறை

மைக்ரோசாஃப்டின் அறிக்கை மென்பொருளான பவர் பிஐ டெஸ்க்டாப்பில் முதல் அறிக்கையை முடித்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். சேமித்த கோப்பை மின்னஞ்சலில் இணைத்து "சார், ரிப்போர்ட் ரெடி" என்று அனுப்பிவிடுவார்கள். எக்செல் பழக்கம் அது. ஆனால் அப்படிச் சேமித்த பிபிஐஎக்ஸ் (.pbix) கோப்பு வெறும் வரைபடங்கள் அடங்கிய அறிக்கை அல்ல. நீங்கள் இம்போர்ட் செய்த, அதாவது கோப்புக்குள் ஏற்றிய, தரவு மொத்தமும் அதற்குள்ளேயே இருக்கிறது. அதைக் கொடுப்பது கணக்குப் பேரேட்டையே தூக்கிக் கொடுத்த மாதிரி. கோப்பை எங்கே வைப்பது, எப்படிப் பாதுகாப்பது, எந்த வடிவில் வெளியே எடுப்பது என்ற மூன்று கேள்விக்கும் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

உதாரணத்துக்கு ஒரு ஜவுளி மொத்த வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். ஈரோடு, கரூர், திருப்பூர் என்று மூன்று கிளைகள். விற்பனை அட்டவணையில் தேதி, கிளை, வாடிக்கையாளர், தொகை, கொள்முதல் விலை என்று ஐந்து நெடுவரிசைகள். இதில் கடைசியாக இருப்பது முதலாளிக்கு மட்டும் தெரிய வேண்டியது.

முதலில் கோப்புக்குள் எட்டிப் பாருங்கள்

உங்கள் பிபிஐஎக்ஸ் கோப்பை ஒரு பிரதி எடுங்கள். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரின் வியூ மெனுவில் "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதை டிக் செய்துவிட்டு, பிரதியின் பெயரில் கடைசியில் உள்ள பிபிஐஎக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றுங்கள். சாதாரண ஜிப் போலவே அது திறக்கும். உள்ளே சில சிறிய கோப்புகளோடு "டேட்டாமாடல்" என்று ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதுதான் அளவில் பெரியது. உங்கள் தரவு சுருக்கப்பட்டு உட்கார்ந்திருப்பது அதில்தான்.

இன்னும் எளிதான சோதனையும் உண்டு. பவர் பிஐ டெஸ்க்டாப்பில் கோப்பைத் திறந்து, இடப்பக்கப் பட்டையில் டேபிள் வியூவுக்குப் போங்கள். நீங்கள் "ஹைட்" செய்து மறைத்த கொள்முதல் விலை அங்கே சாம்பல் நிறத்தில் இருக்கும். மதிப்புகள் எல்லாம் தெளிவாகப் படிக்க முடியும். அட்டவணையின் பெயரில் வலது கிளிக் செய்து "காப்பி டேபிள்" கொடுத்தால் முழு அட்டவணையும் கிளிப்போர்டுக்கு வந்துவிடும், எக்செலில் ஒட்ட வேண்டியதுதான் பாக்கி. "ஹைட்" என்பது அறிக்கை செய்பவருக்குப் பட்டியல் நீளாமல் இருப்பதற்கான வசதி. பாதுகாப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்தை மறைப்பதற்கும் இதே கதைதான்.

டைரக்ட் குவெரி முறையில் தரவுத்தளத்தோடு நேரடியாக இணைத்திருந்தால் வரிகள் கோப்பில் சேமிக்கப்படாது. எக்செல், சிஎஸ்வி கோப்புகளில் இருந்து அறிக்கை செய்பவர்கள் பயன்படுத்துவது இம்போர்ட் முறைதான், அதனால் இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றியதே.

கோப்புறையும் பெயரும்

ஒரு கோப்புறை, அதற்குள் மூன்று உட்கோப்புறைகள் போதும்: மூலத் தரவு, அறிக்கை, பழைய பிரதிகள். இதற்கு மேல் போட்டால் யாரும் பின்பற்ற மாட்டார்கள்.

பெயர் வைப்பதில்தான் ஒரு சிக்கல். "விற்பனை ஏப்ரல்", "விற்பனை மே" என்று மாதாமாதம் பெயர் மாற்றும் பழக்கம் பலருக்கும் உண்டு. கணினியில் மட்டும் வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. பவர் பிஐ சர்வீஸில் (அறிக்கையை இணையத்தில் வைத்துப் பகிரும் தளம்) பப்ளிஷ் செய்யும்போது பெயர் மாறினால், அது புது அறிக்கை, புது செமான்டிக் மாடல் (அறிக்கைக்குப் பின்னால் உள்ள தரவுத் தொகுப்பு) என்றே கணக்கு. போன மாதம் அனுப்பிய இணைப்பு பழைய அறிக்கையையே காட்டிக்கொண்டிருக்கும், யார் யார் பார்க்கலாம் என்று கொடுத்த அனுமதிகளும் புதியதற்கு வராது. எனவே பப்ளிஷ் செய்யும் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர், "விற்பனை அறிக்கை" என்று. அதே பெயரில் அதே வொர்க்ஸ்பேஸுக்கு (சர்வீஸில் அறிக்கைகளை வைக்கும் இடம்) அனுப்பினால் ஏற்கெனவே உள்ளதை மாற்றவா என்று கேட்கும், ரீபிளேஸ் கொடுங்கள். தேதி போட வேண்டியது பழைய பிரதிகளுக்கு: "விற்பனை அறிக்கை 2025-04" என்று ஆண்டை முதலில் வைத்தால் பெயர் வரிசையிலேயே கால வரிசையும் வந்துவிடும்.

அலுவலக ஒன்டிரைவில் வைப்பது நல்லது, பழைய பதிப்பை மீட்க வெர்ஷன் ஹிஸ்டரி உதவும். ஆனால் ஒரே பிபிஐஎக்ஸ் கோப்பை இருவர் ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்யாதீர்கள். கூகுள் ஷீட் மாதிரி இருவர் சேர்ந்து எழுதும் வசதி டெஸ்க்டாப்பில் கிடையாது.

அப்புறம், "என் கணினியில் ஓடுகிறது, அவர் கணினியில் ரெஃப்ரெஷ் ஆகவில்லை" என்ற புலம்பல். காரணம் பெரும்பாலும் பாதைதான். மூலக் கோப்பின் பாதை உங்கள் விண்டோஸ் பயனர் பெயரோடு குவெரியில் (தரவை எடுத்துவரும் படிகளின் தொகுப்பு) பதிந்திருக்கும், அவர் கணினியில் அந்தப் பாதையே இருக்காது. இதைச் சரிசெய்ய:

1. ஹோம் தாவலில் டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா கொடுத்து பவர் குவெரி எடிட்டரைத் திறங்கள்.
2. மேனேஜ் பாராமீட்டர்ஸ் > நியூ பாராமீட்டர். (பாராமீட்டர் என்பது ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ளக்கூடிய மதிப்பு.) பெயர் "தரவுக் கோப்புறை", வகை டெக்ஸ்ட், மதிப்பாகக் கோப்புறையின் பாதையைக் கொடுங்கள். கடைசியில் பின்சாய்வுக் கோடு இருக்கட்டும்.
3. வலப்பக்கம் அப்ளைட் ஸ்டெப்ஸ் பட்டியலில் "சோர்ஸ்" படிக்கு அருகே உள்ள பல்சக்கர ஐகானை அழுத்தி, பேசிக் என்பதை அட்வான்ஸ்டு ஆக்குங்கள்.
4. பாதையின் முதல் பகுதிக்குப் பாராமீட்டரையும், இரண்டாம் பகுதிக்குக் கோப்பின் பெயரையும் கொடுத்து ஓகே சொல்லுங்கள்.

இனி அடுத்தவர் ஒரு மதிப்பை மட்டும் மாற்றினால் போதும்.

தேவையில்லாததை உள்ளேயே விடாதீர்கள்

இதைக் கோப்பின் அளவைக் குறைக்கும் வழி என்றுதான் பலரும் சொல்வார்கள். எனக்கு இதுதான் முதல் பாதுகாப்பு. உள்ளே இல்லாத தரவு கசிய வழியில்லை.

பவர் குவெரியில் "சூஸ் காலம்ஸ்" கொடுத்து, அறிக்கைக்கு வேண்டிய நெடுவரிசைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிளை மேலாளர்களுக்கான அறிக்கைக்குக் கொள்முதல் விலை வேண்டாம் என்றால் இங்கேயே நீக்குங்கள். முதலாளிக்கு லாபக் கணக்கு வேண்டுமென்றால் அது தனி பிபிஐஎக்ஸாக இருக்கட்டும். இரண்டு கோப்பைப் பராமரிப்பது கொஞ்சம் கூடுதல் வேலைதான், ஆனாலும் ஒரே கோப்பில் வைத்து மறைக்கப் பார்ப்பதைவிட நிம்மதி.

அளவைக் குறைக்க இன்னொன்று: ஆப்ஷன்ஸில் கரன்ட் ஃபைல் > டேட்டா லோட் பகுதியில் "ஆட்டோ டேட்/டைம்" டிக் ஆகியிருந்தால், ஒவ்வொரு தேதி நெடுவரிசைக்கும் உங்கள் கண்ணில் படாத தேதி அட்டவணை ஒன்று உருவாகும். சொந்தமாகத் தேதி அட்டவணை வைத்திருப்பவர்கள் இதை எடுத்துவிடலாம்.

அமைப்பு மட்டும் போதும் என்றால் டெம்ப்ளேட்

இன்னொரு கிளைக்கு அதே அறிக்கையின் அமைப்பு வேண்டும், உங்கள் தரவு வேண்டாம். அப்போது ஃபைல் > எக்ஸ்போர்ட் > பவர் பிஐ டெம்ப்ளேட். விளக்கம் கேட்கும், ஒரு வரி எழுதி ஓகே கொடுத்தால் பிபிஐடி என்ற கோப்பு கிடைக்கும். வரைபடங்கள், மெஷர்கள் (கணக்கீட்டு வாய்பாடுகள்), அட்டவணைகளுக்கு இடையிலான உறவுகள், குவெரிகள் எல்லாம் இருக்கும். இம்போர்ட் ஆன வரிகள் இருக்காது. திறப்பவரிடம் மேலே செய்த பாராமீட்டரின் மதிப்பைக் கேட்டு, அவர் தரவை ஏற்றிக்கொள்ளும். அளவு எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தரவு எங்கே இருந்தது என்பது அதிலேயே விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. "என்டர் டேட்டா" மூலம் கையால் தட்டச்சு செய்த அட்டவணை குவெரிக்குள்ளேயே பதிந்திருக்கும், எனவே டெம்ப்ளேட்டோடு அதுவும் போகும். ஸ்லைசரில் (அறிக்கைப் பக்கத்தில் உள்ள வடிகட்டிப் பெட்டி) ஏதாவது வாடிக்கையாளர் பெயரைத் தேர்ந்தெடுத்தபடி சேமித்திருந்தால் அந்தப் பெயரும் போகும். டெம்ப்ளேட் எடுக்கும் முன் தேர்வுகளை நீக்கிவிடுங்கள்.

கடவுச்சொல் எங்கே?

எக்செலில் "என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு" என்று உண்டு. பவர் பிஐ டெஸ்க்டாப்பில் அப்படி ஒரு பொத்தானைத் தேட வேண்டாம், கிடையாது. இருப்பது மூன்று வழி.

கோப்பாகவே அனுப்பியாக வேண்டும் என்றால் 7-ஜிப் போன்ற மென்பொருளில் கடவுச்சொல் போட்டு அனுப்புங்கள். செவன்-இசட் வடிவத்தில் ஏஇஎஸ்-256 குறியாக்கம் கிடைக்கும், கோப்புப் பெயரையும் மறைக்கலாம். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாமல் தொலைபேசியில் சொல்லுங்கள். ஆனால் பெற்றவர் பிரித்த பிறகு உங்கள் கட்டுப்பாடு முடிந்தது.

நிறுவனத்தில் மைக்ரோசாஃப்ட் பர்வியூ (தரவுப் பாதுகாப்புச் சேவை) அமைத்திருந்தால், கோப்பு எவ்வளவு ரகசியமானது என்று குறிக்கும் சென்சிடிவிட்டி லேபிள் போடலாம். லேபிளில் குறியாக்கம் இருந்தால் பிபிஐஎக்ஸையே அனுமதி இல்லாதவர் திறக்க முடியாது. எக்செல், பவர்பாயின்ட், பிடிஎஃப் ஆக எடுக்கும்போதும் லேபிள் கூடவே போகும், சிஎஸ்விக்குப் போகாது. சின்ன அலுவலகங்களில் இது இருப்பது அபூர்வம்.

மூன்றாவதுதான் சரியான வழி: கோப்பையே கொடுக்காமல், சர்வீஸில் பப்ளிஷ் செய்து பார்க்கும் அனுமதி மட்டும் கொடுப்பது. இதில் பதிவு செய்ய அலுவலக மின்னஞ்சல் கணக்கு வேண்டும், ஜிமெயில் செல்லாது. பிரீமியம் கெப்பாசிட்டி (நிறுவனம் தனக்கென வாங்கும் சர்வர் திறன்) இல்லாத நிறுவனத்தில் பகிர்பவர், பார்ப்பவர் இருவருக்கும் ப்ரோ லைசென்ஸ் தேவை.

கிளை மேலாளர் தன் கிளையை மட்டும் பார்க்க வேண்டும் என்றால் ரோ லெவல் செக்யூரிட்டி (யார் எந்த வரிகளைப் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு) போட வேண்டும்:

1. மாடலிங் தாவலில் மேனேஜ் ரோல்ஸ் > நியூ. ரோலுக்கு "ஈரோடு" என்று பெயர் வையுங்கள்.
2. விற்பனை அட்டவணையைத் தேர்ந்தெடுத்து, வடிகட்டியாக [கிளை] = "ஈரோடு" என்று கொடுத்துச் சேமியுங்கள். நெடுவரிசைப் பெயர் தமிழில் இருந்தாலும் வேலை செய்யும்.
3. "வியூ ஆஸ்" அழுத்தி அந்த ரோலைத் தேர்ந்தெடுங்கள். கரூரும் திருப்பூரும் மறைந்து, மொத்தத் தொகையும் குறைந்திருக்க வேண்டும். மொத்தம் மாறவில்லை என்றால் வடிகட்டி எங்கேயோ தவறியிருக்கிறது.
4. பப்ளிஷ் செய்துவிட்டு, சர்வீஸில் செமான்டிக் மாடலின் மூன்று புள்ளி மெனுவில் செக்யூரிட்டிக்குப் போய், அந்த ரோலில் மேலாளரின் மின்னஞ்சலைச் சேருங்கள்.

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வொர்க்ஸ்பேஸில் அட்மின், மெம்பர், கான்ட்ரிபியூட்டர் ஆக இருப்பவருக்கு இந்த வடிகட்டி செயல்படாது. வியூவர் ஆக இருப்பவருக்கும், அறிக்கையைப் பார்வைக்கு மட்டும் பகிரப்பட்டவருக்கும்தான் செயல்படும். "அவருக்கு எதற்குக் குறைவான அனுமதி" என்று மரியாதைக்காக மெம்பர் ஆக்கினால் மூன்று கிளையும் தெரியும். பிபிஐஎக்ஸ் கோப்பே கையில் இருப்பவருக்கு ரோல்கள் எதுவும் தடையில்லை. இன்னொன்று, இது வரிகளைத்தான் மறைக்கும், நெடுவரிசையை அல்ல. கொள்முதல் விலையை முன்பே நீக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவும்தான்.

"பப்ளிஷ் டு வெப்" என்று ஒன்று கண்ணில் படும். லைசென்ஸ் வேண்டாம், இணைப்பு இருந்தால் போதும் என்று ஆசை காட்டும். அந்த இணைப்பை இணையத்தில் யார் வேண்டுமானாலும் உள்நுழையாமலே பார்க்கலாம். வியாபாரத் தரவுக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வெளியே எடுப்பது

பார்த்தால் போதும் என்பவருக்குப் பிடிஎஃப். டெஸ்க்டாப்பில் ஃபைல் > எக்ஸ்போர்ட் > எக்ஸ்போர்ட் டு பிடிஎஃப். மறைத்த பக்கங்கள் வராது. திரையில் தெரிவது மட்டுமே வரும்: உருட்டிப் பார்க்க வேண்டிய நீண்ட அட்டவணை என்றால் தெரியும் வரிகளோடு நின்றுவிடும். ஐநூறு வரிகளையும் அச்சில் கேட்டால், அது பேஜினேட்டட் ரிப்போர்ட் (பக்கம் பக்கமாக அச்சிடுவதற்கான அறிக்கை) செய்யும் பவர் பிஐ ரிப்போர்ட் பில்டரின் வேலை.

கூட்டத்துக்குப் பவர்பாயின்ட் வேண்டுமென்றால் சர்வீஸில் எக்ஸ்போர்ட் மெனுவில் இருக்கிறது. படமாக எடுக்கலாம், அல்லது உயிருள்ள இணைப்பாகப் பதிக்கலாம். இரண்டாவதில் பார்ப்பவருக்கு அனுமதி இருக்க வேண்டும்.

எண்களைக் கேட்பவருக்கு, வரைபடத்தின் மூலையில் மூன்று புள்ளி > எக்ஸ்போர்ட் டேட்டா. டெஸ்க்டாப்பில் சிஎஸ்வி ஆக 30,000 வரிகள் வரைதான் வரும். சர்வீஸில் எக்செல் வடிவம் என்றால் 1,50,000 வரிகள். வரம்பைத் தாண்டியது விடுபடும், எனவே எடுத்த கோப்பில் வரிகள் சரியாக 30,000 என்று நின்றால் சந்தேகப்படுங்கள்.

பார்ப்பவர் எவ்வளவு எடுக்கலாம் என்பதை நீங்கள் தீர்மானிக்கலாம். ஆப்ஷன்ஸில் கரன்ட் ஃபைல் > ரிப்போர்ட் செட்டிங்ஸ் பகுதியில் எக்ஸ்போர்ட் டேட்டாவுக்கு மூன்று தேர்வுகள்: சுருக்கத் தரவு (வரைபடத்தில் தெரியும் எண்கள்) மட்டும், சுருக்கத்தோடு அடிப்படைத் தரவும், எதுவுமே வேண்டாம். முதலாவதிலேயே விட்டுவிடுங்கள். அடிப்படைத் தரவைத் திறந்துவிட்டால், கிளை வாரியான பட்டை வரைபடத்தில் இருந்து வாடிக்கையாளர் வாரியான வரிகள் வரை போய்விடலாம்.

எடுத்த சிஎஸ்வியை எக்செலில் இரட்டை கிளிக் செய்து திறக்கும் முன் இரண்டு விஷயம். "0045" போன்ற வாடிக்கையாளர் எண் 45 ஆகிவிடும். தமிழ்ப் பெயர்கள் சிதைந்து தெரியவும் வாய்ப்புண்டு. வெறும் எக்செலைத் திறந்து, டேட்டா > ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் ஆரிஜின் என்பதில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 கொடுங்கள். பிறகு டிரான்ஸ்ஃபார்ம் டேட்டாவுக்குள் போய் அந்த எண் நெடுவரிசையின் வகையை டெக்ஸ்ட் ஆக்குங்கள். தானாகச் சேர்ந்த வகை மாற்றத்தை ரீபிளேஸ் செய்யவா என்று கேட்டால் ரீபிளேஸ் கரன்ட் என்பதையே தேர்ந்தெடுங்கள். புதுப் படியாகச் சேர்த்தால் போன பூஜ்ஜியங்கள் திரும்பாது.