சாத்துக்குடி, எலுமிச்சைக்கு லேப்ல நுனி ஒட்டு கட்டுறது எப்படி

நோய் புடிச்ச சாத்துக்குடி மரத்துலேர்ந்து குச்சி எடுத்து சாதாரணமா ஒட்டு கட்டுனா டிரிஸ்டீசா வைரஸோ, கிரீனிங்ங்கற பாக்டீரியா நோயோ எதுவா இருந்தாலும் அதுவும் கூடவே வந்துரும். ஆனா துளிரோட உச்சி நுனி வரைக்கும் சத்து போற குழாய் திசு இன்னும் உருவாகியிருக்காது, அதனால நோய்க்கிருமி அங்க அனேகமா போயிருக்காது, அந்த நுனிய மட்டும் வெட்டி நாத்து மேல வச்சா சுத்தமான செடி கிடைக்கும். 1972ல முரஷிகேங்கற விஞ்ஞானியோட குரூப் பண்ணிக் காட்டுனது, 1975ல நவாரோ டீம் ஒழுங்குபடுத்துனது, இன்னிக்கு வரைக்கும் அடிப்படை அதேதான். விதையிலேர்ந்தே வைரஸ் இல்லாத செடி வருமேன்னு கேப்பீங்க, வரும், ஆனா முள்ளு முள்ளா வளரும், காய்க்க வருஷக்கணக்கா ஆகும்.

முதல்ல நாத்து. ஜம்பேரி (ஒட்டுக்கு அடிச்செடியா வைக்கற ஒரு வகை எலுமிச்சை) விதையோட ரெண்டு தோலையும் உரிச்சிட்டு 0.5% சோடியம் ஹைப்போகுளோரைட்ல 10 நிமிஷம் போட்டு, ஸ்டெரைல் தண்ணில மூணு தடவை அலசி, எம்எஸ் (முரஷிகே-ஸ்கூக் சத்துக்கலவை) அகார் மீடியால 27 டிகிரில இருட்டுல ரெண்டு வாரம் வைங்க. வெளுத்துப்போய் நெடுநெடுன்னு வரும், அதான் வேணும். தலைய வெட்டி ஒரு ஒன்றரை சென்டிமீட்டர் தண்டு விட்டு, விதைப்பருப்பையும் (வித்திலை) பக்க மொட்டையும் எடுத்துட்டு, வேர 4-6 சென்டிமீட்டருக்கு குறைச்சிருங்க.

அடுத்தது நுனி, எல்லாரும் சொதப்புற இடமே இதுதான். 3 சென்டிமீட்டருக்குள்ள இருக்கற இளந்துளிரா பாத்து எடுத்து, 0.25% ஹைப்போகுளோரைட்ல 5 நிமிஷம் கழுவி, ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்புக்கு கீழ இலைய ஒண்ணொண்ணா உரிச்சிட்டே போனா கடைசில பளபளன்னு ஒரு குமிழும் அத சுத்தி ரெண்டு மூணு இலைக்குருத்தும் தெரியும், மொத்தமே 0.1-0.2 மில்லிமீட்டர்தான். பெருசா வெட்டுனா ஒட்டு சுலபமா புடிக்கும் ஆனா வைரஸும் கூடவே வரும், ரொம்ப சின்னதா வெட்டுனா செத்துரும், இந்த இழுபறிதான் மொத்த வேலையே. ஸ்கால்பெல் இதுக்கு தடி, ஷேவிங் பிளேட உடைச்சு ஊசிமுனை மாதிரி ஒரு சில்லு எடுத்து பிடில மாட்டிக்கங்க.

நாத்து உச்சில தலைகீழ் T வெட்டு: மேலேர்ந்து 1 மில்லிமீட்டர் நெடுக்க, அடில குறுக்க ஒண்ணு. தோல லேசா தூக்கி, நுனியோட வெட்டுவாய் அந்த குறுக்கு வெட்டுல உக்கார்ற மாதிரி வைங்க. லேமினார் மேடைல வீசற வடிகட்டுன காத்துல சட்டுனு காஞ்சிரும், வெட்டுன கையோட வச்சிரணும், நடுவுல போன் எடுத்தா முடிஞ்சுது. அப்புறம் 7.5% சர்க்கரை போட்ட எம்எஸ் திரவத்துல, ஓட்டை போட்ட ஃபில்டர் பேப்பர் மேடைல நிறுத்தி, 16 மணி நேரம் வெளிச்சம் குடுங்க.

சென்னைல கல்ச்சர் ரூமுக்கு ஏசி கண்டிப்பா வேணும், கரண்ட் போனா தாங்கற பேக்கப்பும் வேணும். ஐப்பசி, கார்த்திகை மழைல டியூப் வாய்ல இருக்கற பஞ்சு அடைப்பு ஈரமாகி பூஞ்சை ஏறிரும், அந்த நேரத்துல தினம் பாத்து ஈரமானத மாத்துங்க.

நல்ல கைக்கே பாதி புடிச்சா அதிகம். மூணுலேர்ந்து அஞ்சு வாரத்துல ரெண்டு இலை விரிஞ்சிருக்கும். அத நேரா மண்ணுல வைக்கறதவிட தொட்டில இருக்கற நல்ல தடிச்ச ஜம்பேரி கன்னு மேல இன்னொரு தடவை ஒட்டி பாலித்தீன் கவர் போட்டு நிழல்ல வைங்க, சீக்கிரம் ஏறும். வளந்தப்புறம் பிசிஆர் டெஸ்ட் (நோய்க்கிருமியோட மரபணு இருக்கான்னு பாக்கறது) பண்ணாம அதுலேர்ந்து ஒரு மொட்டுகூட யாருக்கும் குடுத்துராதீங்க.