தாது வருஷத்து வேலைதானா என்று உறுதிசெய்வது எப்படி?

சேலம் பக்கத்து ஏரிக்கரைகளில் நின்று விசாரித்தால், "இது தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வெட்டியது" என்று சொல்லும் பெரியவர் ஒருவரையாவது சந்திக்கலாம். அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆயினும் ஊர் வரலாறு எழுதுகிறவர் அதை எழுதும் முன் சரிபார்த்தாக வேண்டும்.

முதலில் ஆண்டுக் கணக்கைச் சரிசெய்துகொள்ளுங்கள். தாது வருஷம் 1876 ஏப்ரலில் பிறந்தது. அடுத்து வந்த ஈசுவர வருஷத்திலும் பஞ்சம் நீடித்தது. பழைய வருவாய்க் கணக்குகள் பசலி என்ற வருவாய் ஆண்டு முறையில் இருக்கும். ஜூலையில் தொடங்கும் பசலிக்கு, அது பிறக்கும் ஆங்கில ஆண்டிலிருந்து 590ஐக் கழிக்க வேண்டும் என்பதால், நீங்கள் தேட வேண்டியவை 1286, 1287 ஆகிய பசலிகள்.

சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன், 1883இல் வெளியான சேலம் மாவட்டக் கையேட்டைப் படித்துவிடுங்கள். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் தருமபுரியும் நாமக்கல்லும் அடக்கம். அவை முறையே 1965இலும் 1997இலும்தான் தனி மாவட்டங்களாயின. ஆகவே அதில் காணும் மாவட்ட மொத்தத் தொகை எதையும் இன்றைய சேலத்துக்குரியதாக எழுதிவிடாதீர்கள். அந்தப் பழைய மாவட்டத்தின் மக்கள்தொகை 1871இல் 19.67 லட்சமாக இருந்து, 1881இல் 16 லட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. மண் சுமந்தவர்களில் எத்தனையோ பேர் அதைப் பேரனிடம் சொல்ல உயிரோடு இருக்கவில்லை என்பதை, வாய்மொழிச் செய்தியை எடைபோடும்போது மறக்கக் கூடாது.

ஆவணத்தில் கூலியைக் கவனியுங்கள். ஆண் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் (ஏறக்குறைய 450 கிராம்) தானியமும் ஓர் அணாவும் என்று கண்டால், அது 1877இன் முற்பகுதியைச் சேர்ந்ததாக இருக்கக்கூடும். பஞ்ச நிலையைப் பார்க்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் வகுத்த அந்தக் கூலி உடலுழைப்புக்குப் போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சில மாதங்களில் அது உயர்த்தப்பட்டது. கஞ்சித் தொட்டியைப் பற்றிய குறிப்பு கிடைத்தால் அதைத் தனியாக வையுங்கள். அது வேலை செய்ய இயலாதவர்களுக்குச் சோறிட்ட இடம். அங்கே கஞ்சி ஊற்றினார்கள் என்பதனாலேயே பக்கத்து ஏரி அப்போது வெட்டப்பட்டதாகாது.

களத்தில் மதகைவிடக் கரையையே நம்புங்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மண் வெட்டினார்கள், சாலைக்கு ஜல்லி உடைத்தார்கள். செதுக்கிய கல் வேலை கொத்தர்களுடையது. ஏரிக்குள் சிறு சிறு மண் திட்டுகள் வெட்டாமல் விடப்பட்டிருந்தால் ஏமாற வேண்டாம். தோண்டிய ஆழத்தை அளக்க விட்ட அவை பெரும்பாலும் அண்மைக்கால 100 நாள் வேலையின் மிச்சம். நானும் ஒரு கரையைத் தாது வருஷத்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பின்னொரு நாள் மதகின்மேல் படர்ந்த வேலிப்பருத்தியை விலக்கிப் பார்த்தபோது, சிமெண்டுப் பூச்சில் 1954 என்று விரலால் எழுதியிருந்ததைக் கண்டு வெட்கப்பட்டேன். மேட்டூர் அணையையும் சிலர் இந்தக் கணக்கில் சேர்க்கிறார்கள். 1934இல் முடிந்த அது பஞ்ச வேலையே அன்று.

அமெரிக்கச் சிற்றூர்களில் இதே தேடல் எளிது. 1935 முதல் 1943 வரை அந்நாட்டு மத்திய அரசின் டபிள்யூ.பி.ஏ. (WPA) என்ற வேலை வழங்கும் அமைப்பு வேலையில்லாதவர்களைக் கொண்டு போட்ட நடைபாதைகள் பலவற்றில், அந்த எழுத்துகளையும் ஆண்டையும் ஈரக் காங்கிரீட்டிலேயே அச்சாகப் பதித்தார்கள். அங்கும் தவறு நேர்கிறது: அக்கால அஞ்சலகச் சுவரோவியங்களைப் பலர் டபிள்யூ.பி.ஏ. கணக்கில் எழுதுகிறார்கள், அவற்றில் பெரும்பாலானவை கருவூலத் துறையின் தனிப்பிரிவு வரையச் செய்தவை.

எழுதும்போது ஆவணத்தில் கண்டது, ஊரார் சொன்னது, நீங்கள் பார்த்து ஊகித்தது ஆகிய மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலக்காமல், சொன்னவரின் வயதையும் கேட்ட தேதியையும் அருகிலேயே குறித்துவையுங்கள்.