சாயப்பட்டறை ஸ்டோரை ஒழுங்குபடுத்துவது எப்படி? வெள்ளைப் பொடிகளில் இருந்து தொடங்குவோம்

மதுரைக்குப் பக்கத்தில், கப்பலூர் பக்கம் ஒரு சின்னச் சாயப்பட்டறையில் ஸ்டோர் பொறுப்புக்குப் போன முதல் நாள், என் கையில் ஒரு ஃபைலைக் கொடுத்து "ஆபீசர் வந்தா இதக் காட்டுங்க" என்றார்கள். ஃபைல் கச்சிதமாக இருந்தது. ஸ்டோருக்குள் போனால் ஹைட்ரோஸ் (சாயம் கரைக்கப் போடும் சோடியம் ஹைட்ரோசல்பைட் பொடி) டிரம் மேல் பிளீச்சிங் பவுடர் மூட்டை, அதை ஒட்டி ஆசிட் கேன், கேனுக்குப் பின்னால் யாரோ வைத்துவிட்டுப் போன டீ டம்ளர்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் காலை ஷட்டரைத் தூக்கியதும் மூக்கில் ஏறியது, தீக்குச்சி உரசினால் வருமே, அந்த நெடி. நூறு பெட்டியை ஒரே நேரத்தில் உரசியது போல. ஹைட்ரோஸ் டிரம்மின் மூடி இடுக்கில் வெள்ளைப் புகை. முந்தின நாள் சாயங்காலம் யாரோ ஈர மக்கை உள்ளேயே போட்டு மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான் நடந்தது. ஹைட்ரோஸ் ஈரத்தைக் கண்டால் தானாகச் சூடேறும், கந்தக டை ஆக்சைடை விடும், தீயும் பிடிக்கும். வாளித் தண்ணீரோடு ஓடிவந்த பையனை மேஸ்திரி சட்டையைப் பிடித்து நிறுத்தினார். ஒரு வாளித் தண்ணீர் அதை அணைக்காது, இன்னும் கிளப்பிவிடும். எல்லோரும் வெளியேறி, காற்று வரும் பக்கமாக நின்றுகொண்டு 101-ஐ அழைத்தோம்.

அதனால் நான் பாதுகாப்பு வேலையை ஃபைலில் இருந்து தொடங்குவதில்லை. அறையில் இருந்து தொடங்கினால் ஃபைல் பின்னாலேயே வந்துவிடும்.

முதல் வேலை: எண்ணுவது

ஒரு நோட்டும் பேனாவும் போதும். ஸ்டோரில் இருக்கிற ஒவ்வொரு மூட்டை, டிரம், கேனின் பெயர், அளவு, வந்த தேதி, எந்த வேலைக்கு என்று எழுதுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த ஆசிட்டையும் விடாதீர்கள். அது எல்லாப் பட்டறையிலும் ஒன்றாவது இருக்கும், முதலில் அப்புறப்படுத்த வேண்டியதும் அதுதான்.

பெயர் இல்லாத சரக்கை மோந்து பார்த்தே சொல்லிவிடும் கெட்டிக்காரர் பட்டறைக்கு ஒருவர் இருப்பார். அவரை ஸ்டோர் பக்கம் விடாதீர்கள். என்னவென்று தெரியாததைத் தனியாக வைத்து, சிவப்புப் பெயிண்டில் "தெரியாது, தொடாதே" என்று எழுதிவிடுங்கள்.

அடுத்தது: சப்ளையரிடம் தாளைக் கேட்பது

ஒவ்வொரு சரக்குக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் உண்டு. எம்.எஸ்.டி.எஸ். என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். அதில் 16 பகுதிகள் இருக்கும். பார்த்து மிரள வேண்டாம். 4 (முதலுதவி), 7 (வைப்பது, கையாள்வது), 8 (கையுறை, முகமூடி), 10 (எதோடு சேரக்கூடாது), இந்த நான்கையும் முதலில் படியுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வரி எடுத்து, தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, அந்தச் சரக்குக்கு மேலேயே சுவரில் ஒட்டுங்கள். இங்கிலீஷ் தாளை பீரோவில் பூட்டி வைத்தால் சாயம் முக்குகிறவருக்கு என்ன பயன்? போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987-ல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது இதைத்தான் சட்டமாகவே எழுதினார்கள்: கையாளும் பொருளின் ஆபத்தைத் தொழிலாளியிடம் சொல்லியாக வேண்டும், ஆபத்து வரப்போகிறது என்று தோன்றினால் அவர் மேலாளரிடமும் ஆய்வாளரிடமும் முறையிடலாம்.

மூன்றாவது: பிரிப்பது

முழு நாளையும் இதற்கு ஒதுக்குங்கள். சுங்குடிச் சாயப்பட்டறையில் தொல்லையே வெள்ளைப் பொடிகள்தான். காஸ்டிக் சோடா, சோடா உப்பு, ஹைட்ரோஸ், பிளீச்சிங் பவுடர், சோடியம் நைட்ரைட் எல்லாம் தூரத்தில் இருந்து பார்த்தால் கோலமாவு மாதிரிதான். ஆனால் இவற்றில் பல ஒன்றுக்கு ஒன்று ஆகாது.

பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. அது காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனம் என்பதால் தரையோடு தவழும். குனிந்து, உட்கார்ந்து தப்பிக்கப் பார்க்காதீர்கள், நிமிர்ந்து வெளியேறுங்கள். நைட்ரைட்டும் ஆசிட்டும் ஸ்டோரில் கலந்தால் பழுப்பு நிறப் புகை வரும், அதுவும் நச்சு. நேப்தால் சாயத்துக்கு இவற்றைச் சேர்க்கத்தானே செய்கிறோம் என்று கேட்கலாம். சேர்க்கிறோம், நீர்த்த கரைசலில், ஐஸ் போட்டு, அளந்து. மூட்டை கிழிந்து கொட்டுவது வேறு கதை. நைட்ரைட் சமையல் உப்பு மாதிரியே இருக்கும் என்பது இன்னொரு வம்பு. தவறி உடம்புக்குள் போனால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்காது, உதடு நீலம் பூத்துவிடும். டீ போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் வைத்த கணக்கு இது. ஆசிட் ஒரு மூலை, காஸ்டிக்கும் சோடாவும் எதிர் மூலை. நைட்ரைட், பிளீச்சிங் பவுடர், பெராக்சைடு மூன்றும் சூடு படாத பக்கம், ஆனால் அவையும் ஒன்றோடொன்று ஒட்டாமல். ஹைட்ரோஸ் மட்டும் தனி அறை. தனி அறைக்கு வழியில்லை என்றால் நடுவில் நெஞ்சு உயரச் செங்கல் சுவராவது கட்டச் சொல்லுங்கள். எல்லாம் பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மேல் இருக்கட்டும், அடைமழையில் ஷட்டருக்கு அடியில் தண்ணீர் வரும். ஷீட் கூரையில் ஒழுகும் இடத்தை ஐப்பசிக்கு முன்பே அடைத்துவிடுங்கள். ஆசிட் கேன்களுக்குக் கீழே தொட்டி மாதிரி ஒரு வரப்பு வேண்டும். இருப்பதிலேயே பெரிய கேன் 50 லிட்டர் என்றால் வரப்பு 55 லிட்டர் பிடிக்க வேண்டும்.

அப்புறம் அள்ளும் மக். ஒரு சரக்குக்கு ஒரு மக், அந்த டிரம்மின் காதிலேயே கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள், உள்ளே போடாதீர்கள். டிரம்முக்கு என்ன நிறமோ மக்குக்கும் அதே நிறம். பெரிய செலவுகூட ஆகாது. அன்று இது இருந்திருந்தால் அந்தப் புகையே வந்திருக்காது.

கரைக்கும்போது தண்ணீருக்குள்தான் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். ஆசிட்டுக்கும் இதே விதி. அலுமினிய அண்டாவில் காஸ்டிக் கரைக்கவே கூடாது. அண்டா ஓட்டையாவது போகட்டும், அதில் இருந்து வரும் ஹைட்ரஜன் தீப்பொறிக்குக் காத்திருக்கும்.

நான்காவது: உடம்பு

கைலி, வெறுங்கால், மூக்கில் ஒரு கர்ச்சீப். இதுதான் நம்ம ஊர்ச் சாயப்பட்டறைச் சீருடை. கர்ச்சீப் வாயுவை நிறுத்தாது. அந்தந்த வாயுவுக்கு உரிய கார்ட்ரிட்ஜ் முகமூடிதான் வேண்டும், அதுவும் அன்றாட வேலைக்குத்தான். புகை கிளம்பிய அறைக்குள் அதை நம்பிப் போகக்கூடாது. முழங்கை வரை ரப்பர் கையுறை, கண்ணாடி, கம்பூட்ஸ் வாங்குங்கள். பேண்ட்டைப் பூட்ஸுக்குள் செருகாமல் வெளியே விடச் சொல்லுங்கள், செருகினால் சிந்தியது நேராகப் பாதத்துக்குத்தான் போகும்.

காஸ்டிக் பட்டவுடன் எரியாமல்கூட இருக்கும், சோப்பு மாதிரி வழுக்கும். அந்த வழுக்கல் உங்கள் தோல் கரைவதுதான். எலுமிச்சம்பழம் தேய்க்காதீர்கள், ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடமாவது கழுவிவிட்டு, அப்புறம்தான் 108. பக்கத்தில் ஆள் இருந்தால் கழுவும்போதே அவர் அழைக்கட்டும். குழாய் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு நடந்து பாருங்கள். பத்து எட்டுக்குள் கிடைக்கவில்லையா? புதுக் குழாய் போடுங்கள்.

சிந்தியதை அள்ள ஒரு வாளி உலர்ந்த மணல் எப்போதும் இருக்கட்டும். மரத்தூள் வேண்டாம். பெராக்சைடைத் துடைத்த மரத்தூள் குப்பைத் தொட்டியில் போய்த் தீப்பிடிக்கும்.

கடைசியாக ஃபைலும் காலி டிரம்மும்

இப்போது ஃபைலை எடுங்கள். 2016-ன் அபாயகரக் கழிவு விதிகளில் சுத்திகரிப்பு நிலையச் சேறு வரிசை எண் 35.3, ரசாயனம் ஒட்டிய காலி டிரம் 33.1 என்று வரும். பொதுவாக 90 நாளுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக்கூடாது. அன்றன்றைய கணக்கு படிவம் 3-ல், வெளியே அனுப்பும்போது படிவம் 10. நோட்டில் எண்ணி வைத்திருந்தால் இதை நிரப்ப அரை மணி நேரம் போதும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அனுமதித்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

காலி டிரம்முக்குத்தான் ஆள் வரிசையில் நிற்கும். தண்ணீர் பிடிக்க, நெல் கொட்டி வைக்க என்று சொந்தக்காரர்களே கேட்பார்கள். "நல்லாக் கழுவிக்கிறேண்ணே" என்பார்கள். முகத்தைப் பார்த்து மறுப்பது சங்கடம்தான். நான் கண்டுபிடித்த வழி, சரக்கு தீர்ந்து டிரம்மைக் கழுவி முடித்த அன்றே அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டுவிடுவது. கழுவிய தண்ணீர் சுத்திகரிப்புத் தொட்டிக்குப் போகட்டும், வாய்க்காலுக்கு அல்ல. ஓட்டை டிரம்மை இதுவரை யாரும் கேட்டதில்லை.