தவளை மூளையில வாசனை ரூட் எப்படி உருவாகுது, பேப்பர்ல வரைஞ்சே கத்துக்கலாம்

பெரும்பாலான புக்ல வளர்ந்து முடிஞ்ச தவளையோட மூளைப் படத்தை போட்டு, நாலு அம்புக்குறி வரைஞ்சு, இதுதான் வாசனை பாதைன்னு முடிச்சிடறாங்க. எது முதல்ல வந்துச்சு, எது அதை பார்த்து வளர்ந்துச்சுன்னு தெரியலன்னா அந்த படம் மனசுல நிக்கவே நிக்காது, அதனால நாம வளர்ற ஆர்டர்லயே வரைவோம். ஒரு பேப்பர், பென்சில், நீலம், சிவப்பு, பச்சைன்னு மூணு பேனா போதும். நல்ல ரப்பர் ஒண்ணும் வேணும், ஸ்டெப் 5ல நிஜமாவே அழிக்கப் போறோம்.

நம்ம மாடல் ஆப்பிரிக்க நகத்தவளை, அதாவது ஸீனோபஸ் லேவிஸ். இதோட வளர்ச்சியை நியூகூப், ஃபேபர் ரெண்டு பேரும் 1956ல 66 ஸ்டேஜா பிரிச்சு டேபிள் போட்டாங்க, 66னா உருமாற்றம் முடிஞ்ச குட்டித் தவளை. வரையறப்போ ஓரத்துல ஸ்டேஜ் நம்பரையும் எழுதிக்கோங்க.

ஸ்டெப் 1: கருவோட தலை முன்பக்கம், வெளித்தோல்ல ரெண்டு தடிப்பு வரைங்க. இதுக்கு பேரு ஆல்ஃபாக்டரி பிளாக்கோட், மூக்கு இதுல இருந்துதான் வருது. கவனிங்க, இது மூளைக்கு வெளியில இருக்கு. வாசனையை உணர்ற நியூரான் (நரம்பு செல்) எல்லாம் இங்கதான் பிறக்குது, அதோட செல் உடம்பு கடைசி வரைக்கும் மூக்குலயேதான் இருக்கும்.

ஸ்டெப் 2: இப்போ மூக்குல இருந்து மூளையோட முன்பகுதிக்கு மெல்லிசா பென்சில் கோடு போடுங்க. இதுதான் ஆக்ஸான், நியூரான்ல இருந்து சேதி எடுத்துட்டு போற நீளமான இழை. ஸ்டேஜ் 30ஐ ஒட்டி, அதாவது முட்டை பொரியறதுக்கு முன்னாடியே, முதல் ஆக்ஸான்கள் மூளையை தொட்டுடும். அம்பு மூக்குல இருந்து மூளைக்கு, திருப்பி போட்டுடாதீங்க.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு போங்க, எனக்கு இந்த சப்ஜெக்ட்லயே ரொம்ப பிடிச்ச விஷயம் இதுதான். ஸ்டவுட், கிராசியாடேய்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1980ல வெளியிட்ட வேலையில கருவுல இருந்து பிளாக்கோடை எடுத்து பார்த்தாங்க, மூக்கோட நரம்பு மூளைக்கு வந்து சேரலன்னா அங்க ஆல்ஃபாக்டரி பல்ப், அதாவது வாசனை சேதியை முதல்ல வாங்கற மூளைப் பகுதி, உருவாகலை. பின்னாடி வந்த வேலைகள்ல, வர்ற ஆக்ஸான் குறைஞ்சா பல்ப்ல மைட்ரல் செல் (சேதியை வாங்கி மூளைக்குள்ள அனுப்பற நியூரான்) எண்ணிக்கையும் குறையுதுன்னு தெரிஞ்சுது. அப்போ மூளை பல்பை ரெடி பண்ணி வெச்சுட்டு மூக்குக்காக காத்திருக்கலை, மூக்கு வந்து தொட்டதாலதான் அந்த பகுதி வளருது!

ஸ்டெப் 3: ஆக்ஸான் தொட்ட இடத்துல பல்பை வரைங்க. தவளைல இடது வலது பல்ப் ரெண்டும் நடுவுல ஒட்டியிருக்கும், தனித்தனியா வரைய வேண்டாம். வெளியில நரம்பு அடுக்கு, அதுக்குள்ள குட்டி குட்டி உருண்டையா குளோமெருலஸ், அடுத்து மைட்ரல் செல், இன்னும் உள்ள கிரானுல் செல். மூக்கு ஆக்ஸானும் மைட்ரல் செல்லும் கை கோர்க்கற இடம் குளோமெருலஸ்தான்.

ஸ்டெப் 4: மைட்ரல் செல்லுல இருந்து பல்புக்கு பின்னாடி இருக்கற பாலியம், அமிக்டலாங்கற மூளைப் பகுதிகளுக்கு கோடு இழுங்க. ஸ்டேஜ் 40 வாக்குல வோமெரோநேசல் ஆர்கன்னு இன்னொரு அறையும் மூக்குல வந்துடும், அதுக்கு பச்சை. அது மெயின் பல்புக்கு போகாது, ஆக்சசரி பல்ப்னு தனியா ஒண்ணுக்கு போய் அங்கிருந்து அமிக்டலாவுக்கு போகும்.

ஸ்டெப் 5: ரப்பரை எடுங்க. தலைப்பிரட்டையா இருக்கறப்போ மூக்கோட முதன்மை அறை தண்ணில கரைஞ்ச வாசனையைத்தான் பிடிக்குது. உருமாற்றத்துல தைராய்டு ஹார்மோன் ஏறுது, அந்த அறையில இருந்த பழைய நியூரான்கள் சாகுது, புதுசா பிறக்கறதுங்க காத்து வாசனைக்கு. அப்போ தண்ணிக்கு யாரு? நடு அறைன்னு புதுசா ஒண்ணு உருவாகி அந்த வேலையை எடுத்துக்குது, ஏன்னா இந்த தவளை பெருசானாலும் தண்ணிலயேதான் வாழுது. அதனால ஸ்டெப் 2ல போட்ட கோட்டை அழிச்சிட்டு, முதன்மை அறையில இருந்து பல்போட மேல்பக்கத்துக்கு சிவப்பு, நடு அறையில இருந்து கீழ்ப்பக்கத்துக்கு நீலம் போடுங்க. 1995ல ரிசெப்டர் (நியூரான்ல வாசனையை பிடிக்கற புரதம்) ஜீன்களை பார்த்தப்போவும் இதே பிரிவுதான் தெரிஞ்சுது, மீன்ல இருக்கற வகை ரிசெப்டர் நடு அறையில, பாலூட்டிகள்ல அதிகமா இருக்கற வகை முதன்மை அறையில. பச்சைக் கோடு அப்படியே இருக்கட்டும்.

ஸ்டெப் 6: ஒவ்வொரு அறையோட அடியிலயும் சின்ன புள்ளிகள் வெச்சிடுங்க, அது ஸ்டெம் செல். வளர்ந்த தவளையிலயும் பழைய நியூரான் போகப் போக இதுங்கதான் புது நியூரானை தருது, அந்த புதுசுகளும் பல்பை தேடி ஆக்ஸான் அனுப்பியாகணும்.

படம் முடிஞ்சதும் ஆராய்ச்சி கட்டுரைகள்ல வர்ற சாயம் ஏத்தின மைக்ரோஸ்கோப் படங்களோட ஒப்பிட்டு பாருங்க. அதுல முதல்ல மூக்கு எந்தப் பக்கம், படம் மேலிருந்து எடுத்ததா பக்கவாட்டுல எடுத்ததான்னு கண்டுபிடிச்சுட்டு, ஸ்டேஜ் நம்பரை பாருங்க, 50க்கு கீழன்னா சிவப்பு நீலத்தை மறந்துட்டு உங்க பழைய பென்சில் கோட்டோடதான் ஒப்பிடணும்.