ஆய்வகப் பாதுகாப்புச் சோதனை: அமிலப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்

மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்துக்குச் சோதனை வருகிறது என்றதும் பல இடங்களில் சுவருக்கு வெள்ளையடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வருகிறவர் கேட்கப்போவது பதிவேட்டையும் அலமாரிச் சாவியையும்தான்.

படி 1: அலமாரி. ஆங்கில அகரவரிசையில் அடுக்கியிருந்தால் உடனே கலைத்துவிடுங்கள். அந்த வரிசையில் நாப்தலீனும் நைட்ரிக் அமிலமும் அண்டை வீட்டார். ஒன்று எரியும், மற்றது எரிப்பதைத் தூண்டும். அமிலங்களைக் கீழ்த்தட்டில், பிளாஸ்டிக் தட்டுக்குள் வையுங்கள். நைட்ரிக் அமிலத்துக்குத் தனித் தட்டு. புட்டிக் கழுத்துகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் அம்மோனியாவும் ஒரே அலமாரியில் இருக்கின்றன என்று பொருள். அது அம்மோனியம் குளோரைடு. இரும்பு பீரோ எனக்குப் பிடிக்காது. அமில ஆவியில் முதலில் துருப்பிடிப்பது அதன் கீல்தான்.

படி 2: அமிலப் பதிவேடு. அமில வீச்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் பிறப்பித்த உத்தரவு கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். பயன்பாட்டைப் பதிவுசெய்து கோட்ட அளவிலான நிர்வாக நடுவரிடம் (சப்-டிவிஷனல் மாஜிஸ்திரேட்) தாக்கல் செய்ய வேண்டும். பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். ஆய்வகத்திலிருந்து வெளியேறும் மாணவர்களைச் சோதிக்கவும் வேண்டும். பொதுவான இருப்புப் பதிவேடு இதற்குப் போதாது.

என்னைத் திணறடித்தது ‘மீதி’ என்ற கட்டம். பாதி தீர்ந்த புட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று எப்படி எழுதுவது? அதே வகைக் காலிப் புட்டி ஒன்றை நன்றாகக் கழுவி, வெளியே நெடுக ஒரு காகிதப் பட்டை ஒட்டுங்கள். அளவு உருளையால் 100 மி.லி. தண்ணீராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் பட்டையில் கோடு போடுங்கள். அந்தப் பட்டையைப் படியெடுத்து மற்றப் புட்டிகளில் ஒட்டிவிட்டால் மீதி கண்ணுக்குத் தெரியும். பழுப்புக் கண்ணாடியானால் பின்னாலிருந்து டார்ச் அடியுங்கள். தூக்கிப் பார்க்க வேண்டாம்.

நீர்த்த அமிலம் தயாரித்த நாளிலேயே எழுதிவிடுங்கள். ஒரு லிட்டர் 2 நார்மல் (செறிவின் அலகு) கந்தக அமிலத்துக்கு அடர் அமிலம் ஏறத்தாழ 55 மி.லி. போகும் (தண்ணீரில் அமிலத்தை ஊற்றுவது உங்களுக்குத் தெரிந்ததே). பக்க எண் அச்சிட்ட கட்டு நோட்டுதான் என் தேர்வு. கணினிக் கோப்பில் பழைய எண்ணைத் திருத்தினால் தடயமே இருக்காது.

படி 3: பெயர்ச்சீட்டு. மார்க்கர் மை வெளுத்துவிடும். பென்சிலால் எழுதி, மேலே செலோடேப் ஒட்டுங்கள். பெயர், செறிவு, தயாரித்த தேதி மூன்றும் இருக்கட்டும்.

படி 4: மணல் வாளி, தீயணைப்பான் அழுத்தமானி, கண் கழுவத் தண்ணீர், பிப்பெட்டுக்கு ரப்பர் குமிழ். மணல் வாளியில் குப்பை இருந்தால் கொட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை: ஆல்டிஹைடு, கீட்டோன்களைக் கண்டறியும் போர்ஷ் வினைப்பொருளைத் தயாரிக்கப் பயன்படும் 2,4-டைநைட்ரோபீனைல்ஹைட்ரசீன் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஈரமாக வைக்கப்படும் அந்தத் தூள் முழுக்கக் காய்ந்தால் வெடிக்கக்கூடியது. 2016இல் பிரிட்டன் பள்ளிகள் பலவற்றுக்கு வெடிகுண்டு நிபுணர்களே வந்து அதை அகற்றினார்கள். பழைய புட்டியில் காய்ந்த தூளோ மூடி மரையில் படிகமோ தெரிந்தால் திருகாதீர்கள், நகர்த்தாதீர்கள். அறையைப் பூட்டி, தலைமையாசிரியர் வழியாகத் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.