மலையில் பிள்ளைகளை ஓடவைக்கிறீர்களா? முதலுதவிப் பையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலை ஊர்களில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தரும் பி.டி. ஆசிரியர்கள் அநேகரிடம் ஒரு முதலுதவிப் பெட்டி இருக்கும். திறந்து பார்த்தால் பஞ்சு, டெட்டால், பேண்ட்-எய்டு, வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரே. பள்ளி மைதானத்துக்கு அது போதும். அடிபட்ட பிள்ளையைப் பத்து நிமிடத்தில் ஆட்டோவில் ஏற்றிவிடலாம். தேயிலைத் தோட்டத்துக்குள் மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு பையன் விழுந்தால் கதையே வேறு. வண்டி நிற்கும் இடம்வரை தூக்கி வரவே முக்கால் மணி நேரம் ஆகலாம். 108 ஆம்புலன்ஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வர அதற்கு மேலும் ஆகும். அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை குளிரில் நடுங்காமல், வலி கூடாமல், பயப்படாமல் இருக்க வேண்டும். மலைக்கு எடுத்துப்போகும் பையை இந்தக் காத்திருப்பை மனதில் வைத்துத்தான் கட்ட வேண்டும். நான் பார்க்கிற தவறுகளில் முக்கால்வாசி இதை யோசிக்காததால் வருபவை.

பை வேனில், ஆசிரியர் முன்னால்

எல்லாம் சரியாக வாங்கி வைத்திருப்பார்கள். ஆனால் பை வேனுக்குள் கிடக்கும், அல்லது வேகமாக ஓடும் பிள்ளைகளோடு முன்னால் போகும் பயிற்சியாளரின் முதுகில் இருக்கும். கால் பிசகியவன், மூச்சு வாங்குபவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எல்லோரும் பின்னால்தான் இருப்பார்கள். அதனால் பை கடைசிப் பிள்ளைக்கும் பின்னால் வரும் பெரியவரிடம் இருக்க வேண்டும். அவர் யாரையும் முந்தக் கூடாது. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னால் போனவர்கள் நின்று, தலை எண்ணி, கடைசி ஆள் வந்த பிறகே கிளம்ப வேண்டும். மூடுபனி இறங்கினால் ஐம்பது அடி தள்ளிப் போனவனைக்கூடக் கண்ணுக்குத் தெரியாது.

பையோடு ஒரு தாளும் வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் பெயர், பெற்றோரின் இரண்டு எண்கள், ஆஸ்துமா, வலிப்பு, சர்க்கரை, ஒவ்வாமை உண்டா என்ற குறிப்பு. அதை லேமினேட் செய்துகொள்ளுங்கள், மழைக்கு நனையாது. பள்ளி அலுவலகக் கோப்பில் இருக்கிற தகவல் மலையில் உதவாது.

குளிரை மறப்பது

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு இதுதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே உறைபனி விழும். ஆனாலும் நாம் வெயிலையும் தாகத்தையும் நினைக்கிற அளவுக்குக் குளிரை நினைப்பதில்லை. ஓடுகிற உடம்பு சூடாக இருப்பதே காரணம். ஓட்டம் நின்ற மறுநிமிடம் நிலைமை மாறிவிடும். வியர்வையில் ஊறிய பருத்தி டி-ஷர்ட், மேலே தூறல், பக்கவாட்டில் காற்று: இந்த மூன்றும் சேர்ந்தால் பத்து டிகிரி வெப்பநிலையிலேயே ஒரு பிள்ளையின் உடல் சூடு அபாய அளவுக்கு இறங்கலாம். எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகளுக்குத் தோல் பரப்பு அதிகம், அதனால் பெரியவர்களைவிடச் சீக்கிரம் குளிர்ந்துபோவார்கள்.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென ஆலங்கட்டி மழையும் பலத்த காற்றும் அடித்து 21 பேர் இறந்தார்கள். சுமார் 2,000 மீட்டர் உயரம், அதாவது நம் மலைகளின் உயரம்தான். ஓடியவர்களில் நல்ல அனுபவசாலிகளும் இருந்தார்கள். பலர் அரைக்கால்சட்டையும் மெல்லிய பனியனும் போட்டிருந்தார்கள். காற்றைத் தடுக்கும் மேலுடை அந்தப் போட்டியில் கட்டாயமாக இருக்கவில்லை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நீண்ட மலை ஓட்டங்களுக்கு மழை புகாத மேலுடை, குல்லா, கையுறை, விசில் இல்லாமல் வந்தால் வரிசையில் நிற்கவே விடமாட்டார்கள். நாமும் அப்படியொரு விதி வைத்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளைக்கு ஒரு மெல்லிய மழைக்கோட்டு, ஒரு குல்லா. இடுப்பில் கட்டிக்கொண்டே ஓடட்டும்.

அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் நடுக்கம். பிறகு ஷூ லேஸைக் கட்ட விரல் ஒத்துழைக்காது. பேச்சு குழறும். கேட்டதற்கு எரிச்சலாகப் பதில் வரும், அல்லது பதிலே வராது. இதைச் சோர்வு என்றோ பிடிவாதம் என்றோ நினைத்துத் திட்டுகிறவர்கள் உண்டு. நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளை குழம்பிய நிலையில் நடுக்கத்தை நிறுத்தினால் அது தேறிவிட்டதன் அடையாளம் இல்லை, ஆபத்து முற்றியதன் அடையாளம்.

அப்போது காற்றடிக்காத மறைவுக்குக் கொண்டுபோங்கள். ஈர பனியனைக் கழற்றி, துடைத்து, காய்ந்த உடுப்பும் குல்லாவும் போடுங்கள். தரையில் நேராக உட்கார வைக்காதீர்கள், பைகளையோ சாக்கையோ போட்டு அதன்மேல் உட்கார வையுங்கள். பளபளக்கும் ஃபாயில் போர்வையை மட்டும் ஈரத் துணியின்மேல் போர்த்திவிட்டு நிம்மதி அடைவது இன்னொரு தவறு. அந்தத் தாளுக்குத் தானாகச் சூடு கிடையாது, காற்றில் படபடத்துக் கிழிந்தும் போகும். காய்ந்த உடுப்பின்மேல் அதைச் சுற்றி, அதற்கு மேலே பெரிய பாலிதீன் பை ஒன்றைக் கழுத்துவரை ஏற்றிவிட்டால்தான் பயன். இரண்டு பக்கமும் நண்பர்கள் ஒட்டி உட்காரட்டும். தெளிவாகப் பேசுகிற பிள்ளைக்கு இனிப்பான சூடான பானம், கடலை மிட்டாய் கொடுக்கலாம். மயங்கிய நிலையில் இருந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. கை காலைப் பரபரவென்று தேய்க்கவும் கூடாது.

‘சுளுக்குதான், உருவிவிட்டால் சரியாகிடும்’

மலை ஓட்டத்தில் அதிகம் அடிபடுவது கணுக்கால். இறக்கத்தில் கால் கல்லின் ஓரத்தில் பட்டு உள்பக்கமாக மடங்கும். உடனே ஸ்ப்ரே அடித்து, இரண்டு உருவு உருவி, ‘எங்கே, ஓடிக் காட்டு’ என்பது நம் பழக்கம். ‘லேசாத்தான் சார் வலிக்குது’ என்று பையனும் ஓடுவான், அணியிலிருந்து எடுத்துவிடுவீர்களோ என்ற பயத்தில்.

வளரும் பிள்ளையின் எலும்பு முனைகளுக்கு அருகே குருத்தெலும்பாலான வளர்ச்சிப் பகுதி இருக்கிறது. சுற்றியுள்ள தசைநார்களைவிட அது பலவீனமானது. பெரியவருக்குச் சுளுக்காக முடியும் அதே மடங்கல் பிள்ளைக்கு அந்த இடத்தில் முறிவாக முடியலாம். உருவினால் கேடு கூடும். அதற்குப் பதில் இரண்டு காரியம் செய்யுங்கள். பையனை உட்கார வைத்து, கணுக்காலின் இருபுறமும் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பை நுனியிலிருந்து நான்கு விரல் உயரம்வரை ஒரு விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். எலும்பிலேயே வலித்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அங்கே வலி இல்லையென்றால் நான்கு அடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். முடியவில்லை என்றாலும் எக்ஸ்ரேதான்.

கிரேப் பேண்டேஜை கால்விரல்களின் அடியிலிருந்து தொடங்குங்கள். பாதத்தைச் சுற்றி, கணுக்காலில் எட்டு போல ஏறி இறங்கி, முழங்காலுக்குப் பாதி தூரம்வரை கட்டுங்கள். பிறகு கால் பெருவிரல் நகத்தை ஒரு கணம் அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானால் கட்டு இறுக்கம், அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம், தோலில் நேராக வைக்கக் கூடாது. உடைத்தால் குளிரும் ஐஸ் பேக் மருந்துக்கடையில் கிடைக்கிறது, பையில் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஓட்டம் கிடையாது. இதை மற்ற பிள்ளைகள் முன்னால் தயங்காமல் சொல்லுங்கள். அப்போதுதான் அடுத்தவனும் வலியை மறைக்கமாட்டான்.

தலையில் அடிபட்டாலும் இதே விதி, இன்னும் கண்டிப்பாக. வாந்தி, தூக்கக் கலக்கம், நடந்ததை மறப்பது, கூடிக்கொண்டே போகும் தலைவலி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

மூச்சு வாங்குவதை ‘ஸ்டாமினா இல்லை’ என்று தள்ளுவது

ஊட்டி உயரத்தில் மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். சமவெளியிலிருந்து முகாமுக்கு வரும் பிள்ளைகள் முதல் இரண்டு நாள் மெதுவாகத்தான் ஓட வேண்டும். ஆனால் ஓடி முடித்த பின்னும் இருமல் நிற்காத, மூச்சில் விசில் சத்தம் கேட்கும் பிள்ளைக்கு ஆஸ்துமா இருக்கலாம். குளிர்ந்த காலைக் காற்று அதைக் கிளப்பிவிடும். வீட்டில் சொல்லி மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளையின், திணறலை உடனே தணிக்கும் நீல இன்ஹேலர் ஹாஸ்டல் அறையில் இருந்தால் இல்லாததற்குச் சமம். அது அந்தப் பிள்ளையின் இடுப்புப் பையில் இருக்க வேண்டும். இன்ஹேலரின் முனையில் மாட்டி மருந்தை உள்ளிழுக்க உதவும் குழாயான ஸ்பேசர் உங்கள் பையில். மூச்சு திணறினால் நிமிர்ந்து உட்கார வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். மருத்துவர் எழுதித் தந்த முறை கையில் இருந்தால் அதன்படி செய்யுங்கள். இல்லையென்றால் ஸ்பேசர் வழியாக ஒரு அழுத்து, நான்கு மூச்சு என்று நான்கு முறை கொடுத்து, நான்கு நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் மறுபடி. அப்போதும் குறையவில்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை இதையே தொடருங்கள். பேச முடியாமல் திணறினாலோ உதடு நீலமானாலோ எதற்கும் காத்திருக்காமல் முதலிலேயே அழையுங்கள்.

காப்பித்தூள், சாவி, தண்ணீர் தெளிப்பு

சிராய்ப்பில் காப்பித்தூளோ மஞ்சளோ அப்பாதீர்கள். உள்ளே போன மண்ணோடு சேர்ந்து அது சீழ் பிடிக்க வழி செய்யும், ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளைதான் துடிக்கும். குடிக்கிற தண்ணீர் ஒரு பாட்டில் முழுவதையும் ஊற்றி மண்ணைக் கழுவினாலே பாதி வைத்தியம் முடிந்தது. பஞ்சு காயத்தில் ஒட்டிக்கொள்ளும், காஸ் துணி வையுங்கள். தேசிய அட்டவணைப்படி 10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸ் ஊசி உண்டு. போட்டாயிற்றா என்று பெற்றோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி திணிப்பதோ, வாயில் துணி வைப்பதோ, அமுக்கிப் பிடிப்பதோ வேண்டாம். தலைக்கு அடியில் மடித்த துணி, சுற்றியுள்ள கற்களை அகற்றுவது, அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்கவைப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

ஓடிக்கொண்டிருக்கும்போதே, எதிலும் தடுக்காமல், ஒரு பிள்ளை சாய்ந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்து நேரத்தை வீணாக்காதீர்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை, அல்லது எப்போதாவது ஒரு கேவல் மட்டும் வருகிறது என்றால் இதயம் நின்றிருக்கலாம். ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். சி.பி.ஆர். எனப்படும் இந்த முதலுதவியை முறையாகக் கற்காத ஒருவர் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஓட்டத்தின் நடுவில் மயங்கி, தானாகவே எழுந்துவிட்ட பிள்ளையையும் இதய மருத்துவர் பார்க்காமல் மறுபடி ஓடவிடக் கூடாது.

வலி மாத்திரைகளைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். ஓடித் தண்ணீர் வற்றிய உடம்பில் புரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கெடுதல். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு ஆகவே ஆகாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கட்டும், ஆனால் ஒரு லிட்டருக்கான 20.5 கிராம் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிக் கலக்காதீர்கள். ருசிக்காக விற்கும் சர்க்கரைப் பானம் அதற்கு மாற்றாகாது.

பாம்பு, தேனீ, நாய்

பாம்பு கடித்தால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது மூன்றும் தவறு. பிள்ளையை நடக்கவிடாமல், கடிபட்ட கை காலை அசையாதபடி குச்சி வைத்துக் கட்டித் தூக்கி வாருங்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். கடித்த நேரத்தைக் குறியுங்கள். பாம்பைத் தேடி அடிக்கப் போனால் இரண்டாவது ஆள் கடிபடுவார்.

பாறைகளில் கூடு கட்டும் பெருந்தேனீ கலைந்தால் நின்று விரட்டாமல் ஓடி விலகுங்கள். கொடுக்குகளை நகத்தால் சுரண்டி உடனே எடுங்கள். உதடு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்து மூச்சு திணறினாலோ அட்ரினலின் ஊசி ஒன்றே மருந்து. அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுப்பி நடத்தாமல் தூக்கிப் போங்கள். எஸ்டேட் நாய் கடித்தால், பல் பட்ட கீறலாக இருந்தாலும், சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி. அரசு மருத்துவமனையில் இலவசம்.

காட்டுமாடும் கரடியும் நடமாடும் பகுதிகளில் நன்றாக விடிந்த பிறகே கிளம்புங்கள். தோட்டத்துக் காவல்காரரிடம் கேட்டால் முந்தைய இரவு எங்கே நின்றன என்று சொல்வார்.

‘எங்கே இருக்கிறீர்கள்?’

108-இல் முதலில் கேட்கும் கேள்வி இது. ‘எஸ்டேட்டுக்குள்ளே’ என்ற பதில் யாருக்கும் உதவாது. எஸ்டேட் பெயர், டிவிஷன், வண்டி வரக்கூடிய கடைசி இடம், பக்கத்துக் கோயில் அல்லது தொழிற்சாலை, இவற்றை ஓடும் பாதை ஒவ்வொன்றுக்கும் எழுதி அந்த லேமினேட் தாளின் பின்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள். எந்த வளைவில் சிக்னல் கிடைக்கும் என்பதையும் குறியுங்கள். உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாத இடத்தில் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் பொது அவசர எண்ணான 112-க்கு அழைப்பு போகும். ஒவ்வொரு பிள்ளையிடமும் விசில் இருக்கட்டும். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் இடைவெளி விட்டு மறுபடி ஊதுவது மலைகளில் உதவி கேட்கும் அடையாளம். கேட்டவர் மூன்று முறை ஊதிப் பதில் சொல்ல வேண்டும்.

விழுவது நீங்களாகவும் இருக்கலாம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள் இரண்டு பேருக்காவது பையில் எது எங்கே இருக்கிறது, பூட்டிய போனிலிருந்து அவசர அழைப்பு எப்படிச் செய்வது, யார் உங்களோடு நிற்பது, எந்த இரண்டு பேர் சேர்ந்து கீழே இறங்கி ஆள் கூட்டி வருவது என்று பழக்கிவையுங்கள். பருவம் தொடங்கும்போது ஒருமுறை, நீங்கள் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு அவர்களைச் செய்யச் சொல்லுங்கள்.